நுரையீரல் சர்ஃபாக்டண்ட் படலத்தை லாங்மியூர் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. திட்டப்பணிக்காகவோ ஆராய்ச்சித் தொடக்கத்திலோ லாங்மியூர் தொட்டியின் (நீர்ப்பரப்பில் மிதக்கும் படலத்தை நகரும் தடுப்புகளால் நெருக்கும் தொட்டி) முன் முதன்முறை நிற்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுப்பு நகரும் அந்த இருபது நிமிடத்தில் தடுமாறுவதில்லை. அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் முன்வேலைக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக முடிந்தது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

1. எதை அளக்கிறோம்

நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்கு உள்ளே மெல்லிய நீர்ப்பூச்சு உண்டு. அதன் மேல் ஒரு மூலக்கூறு கனத்தில் பரவி நிற்பதுதான் சர்ஃபாக்டண்ட் (பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) படலம். மூச்சை வெளியே விடும்போது நுண்ணறை சுருங்கும், படலமும் கூடவே நெருக்கப்படும். 37 டிகிரியில் வெற்று நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 70 மில்லிநியூட்டன். நெருங்கிய படலம் இதைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்துவிடும். நுண்ணறை ஒட்டி மூடிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

தொட்டியில் தடுப்பை நகர்த்துவது நுண்ணறை சுருங்குவதற்கு ஈடு. நாம் குறித்துக்கொள்வது பரப்பு அழுத்தம், அதாவது வெற்று நீரின் இழுவிசையிலிருந்து படலம் உள்ள நீரின் இழுவிசையைக் கழித்தால் கிடைப்பது. அலகு மில்லிநியூட்டன்/மீட்டர். இனி எண்ணை மட்டும் எழுதுகிறோம்.

இந்தக் கழித்தலிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பரப்பு அழுத்தம் வெற்று நீரின் இழுவிசையைத் தாண்டவே முடியாது. 30 டிகிரியில் நீரின் இழுவிசை 71.2. திரையில் 75 என்று வந்தால் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, அளவுத்திருத்தம் தவறியிருக்கிறது.

சர்ஃபாக்டண்டின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் லிப்பிடு (கொழுப்பு வகைப் பொருள்), மீதி புரதம். லிப்பிடில் பெரும்பங்கு டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல்கோலின். ஆய்வகத்தில் எல்லாரும் டிபிபிசி என்றே சொல்வார்கள். முதலில் டிபிபிசியை மட்டும் வைத்துப் பழகுங்கள். அதன் கோடு (மூலக்கூறுக்கான பரப்பைக் கிடையாகவும் அழுத்தத்தை நெடுக்காகவும் குறித்த வரைபடம்) ஒழுங்காக வந்த பிறகே கலவைக்குப் போக வேண்டும். நேராகக் கலவையில் தொடங்குபவருக்கு, கோணலாக வந்தது கலவையின் குணமா கையின் குற்றமா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

2. தேவையானவை

இரண்டு தடுப்புகள் எதிரெதிராக நகரும் டெஃப்லான் தொட்டி. இந்த வழிகாட்டியின் கணக்குகள் 30 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், அதாவது 240 சதுர செ.மீ. பரப்புள்ள தொட்டிக்கானவை. உங்களுடையது வேறானால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நுண்தராசு, அதில் தொங்கவிட வில்ஹெல்மி தகடு (நீரைத் தொட்டு நிற்கும்போது பரப்பு இழுவிசையை எடையாகத் தராசுக்குக் காட்டுவது). தகடு பிளாட்டினமாகவும் இருக்கலாம், சாம்பல் தராத வடிதாளை 10 மி.மீ. அகலத்தில் வெட்டியதாகவும் இருக்கலாம். தொடக்கத்தில் வடிதாளே நல்லது என்பது எங்கள் கருத்து. ஓட்டத்துக்கு (ஒருமுறை அமுக்கிப் பார்ப்பதற்கு) ஒன்று என்று தூக்கி எறிந்துவிடலாம், நீர் அதில் முழுமையாக நனைந்து ஏறும்.

18.2 மெகாஓம்-செ.மீ. தரமுள்ள தூய நீர், ஓர் ஓட்டத்துக்குக் குறைந்தது இரண்டு லிட்டர். கழுவவே பாதிக்கு மேல் போய்விடும். கடையில் கிடைக்கும் பாட்டரி நீரோ, கேன் நீரோ, வழக்கமான வாலைவடிநீரோ இதற்கு ஆகாது. அவற்றில் உப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் பரப்பில் ஏறி மிதக்கும் கரிமப் பொருள் போயிருக்காது. நமக்கு எதிரி அதுதான்.

எச்பிஎல்சி தர குளோரோஃபார்ம், மெத்தனால், எத்தனால். 50 மைக்ரோலிட்டர் கண்ணாடிச் சிரிஞ்சு. டெஃப்லான் உள்பூச்சுள்ள மூடியோடு கண்ணாடிக் குப்பிகள். நூல் உதிராத துடைதாள். உறிஞ்சு பம்பும் அதன் நுனியில் பாஸ்டர் கண்ணாடிப் பிப்பெட்டும். 37 டிகிரி ஓட்டம் வேண்டுமானால் நீர்சுற்றும் வெப்பத்தொட்டி.

பிளாஸ்டிக் பிப்பெட் முனையில் குளோரோஃபார்மை எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் உள்ள மென்மையூட்டிகள் குளோரோஃபார்மில் கரைந்து வரும், லிப்பிடோடு சேர்ந்து பரவும். சில சமயம் கோடு அழகாகவே இருக்கும், ஆனால் முழுவதும் வலப்பக்கம் தள்ளி நிற்கும்.

3. அறையைத் தயார்செய்தல்

காற்றும் அதிர்வும் நம் ஊரில் தனித்தலைப்புக்கு உரியவை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி வரும் காற்று, சன்னல் இடுக்கு வழியாகவே நீர்ப்பரப்பில் சிற்றலை எழுப்பும். தொட்டிக்கு அக்ரிலிக் பெட்டி போட்டு மூடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஏசியின் வாய் தொட்டியைப் பார்த்து இருக்கக் கூடாது.

காற்று அலையோடு நிற்பதில்லை, நீரையும் ஆவியாக்கும். 10 மி.மீ. அகலமும் 0.2 மி.மீ. கனமும் உள்ள தகட்டில், நீர்மட்டம் 1 மி.மீ. இறங்கினால் மிதப்புவிசை குறைந்து இழுவிசை ஏறத்தாழ 1 அலகு கூடியதுபோலக் காட்டும். அதாவது பரப்பு அழுத்தம் 1 அலகு பொய்யாகக் குறையும். 240 சதுர செ.மீ. தொட்டியில் 1 மி.மீ. என்பது 24 மில்லிலிட்டர். மூடிய பெட்டிக்குள் ஓரத்தில் ஈரப்பஞ்சு வைத்தால் இது வெகுவாகக் கட்டுப்படும்.

அதிர்வுக்கு விலை குறைந்த வழி ஒன்று உண்டு. கனமான கிரானைட் பலகை, அதற்கு அடியில் பாதி காற்று நிரப்பிய ஸ்கூட்டர் டியூப். நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடமாக இருந்தால் தரைத்தளத்தில் வையுங்கள்.

கரண்ட் போனால் ஓட்டம் வீண். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில்கூட நுண்தராசின் சுழியம் நகர்ந்துவிடும். ஆன்லைன் வகை யுபிஎஸ் தேவை. தராசை ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டு விடுங்கள், சூடேறி நிலைப்பட அவ்வளவு நேரம் எடுக்கும்.

கடைசியாகத் தேங்காயெண்ணெய். காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்து வந்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கையுறை மாட்டினால், கையுறையின் வெளிப்பக்கம் முழுக்க எண்ணெய்தான். தொட்டி வேலை இருக்கும் நாளில் தலைக்கு எண்ணெய் வேண்டாம், முடியைக் கட்டித் தொப்பி போடுங்கள். கையுறை பொடியில்லாத நைட்ரைல் ஆக இருக்கட்டும். ரப்பர் விளையும் மாவட்டம் என்பதற்காக லேட்டக்ஸ் கையுறையை இதற்கு எடுக்க வேண்டாம், அது குளோரோஃபார்மைத் தாங்காது. நைட்ரைலும் அதை நெடுநேரம் தாங்காது.

4. எவ்வளவு பரப்ப வேண்டும்: கணக்கு

இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் சிரிஞ்சைத் தொடக் கூடாது.

ஒரு மூலக்கூறுக்கு 1.2 சதுர நானோமீட்டர் இடம் கொடுத்துத் தொடங்குகிறோம். அந்த விரிவில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளாது, அழுத்தம் சுழியத்தை ஒட்டி இருக்கும். 240 சதுர செ.மீ. என்பது 2.4-ஐப் பத்தின் 16-ஆம் அடுக்கால் பெருக்கிய சதுர நானோமீட்டர். 1.2 ஆல் வகுத்தால் 2-க்குப் பின் 16 சுழியம் போட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள். அவகாட்ரோ எண்ணால் வகுத்தால் 33.2 நானோமோல். டிபிபிசியின் மூலக்கூற்று எடை 734. பெருக்கினால் 24.4 மைக்ரோகிராம்.

கரைசல் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால், பரப்ப வேண்டியது 24.4 மைக்ரோலிட்டர்.

24 மைக்ரோகிராம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், சொத்தவிளைக் கடற்கரையில் கால் மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒற்றை மணலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை இதற்கு அருகில்தான் வரும். தொட்டி முழுவதையும் மூடப்போவது அவ்வளவே. விரல்ரேகையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் இதோடு போட்டிபோடும் என்பது இப்போது விளங்கும்.

இதில் 1 மைக்ரோலிட்டர் பிசகினால் மூலக்கூறு பரப்பில் 4 சதவீதப் பிழை. 0.45 என்று வர வேண்டியது, கூடினால் 0.47 என்றும் குறைந்தால் 0.43 என்றும் வரும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் ஒரு மைக்ரோலிட்டர் சர்வசாதாரணமாகப் போகும்.

5. கரைசல் தயாரித்தல்

டிபிபிசிக் குப்பி மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். எடுத்த உடனே திறக்காதீர்கள். நம் கரையோரக் காற்றின் ஈரம் குளிர்ந்த தூளின் மேல் நொடியில் படியும். அப்புறம் நீங்கள் நிறுத்துவது லிப்பிடும் நீரும் சேர்ந்த எடை. மூடியபடியே அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் விடுங்கள்.

5 மில்லிகிராமுக்குக் குறைவாக நிறுக்க வேண்டாம், தராசின் பிழை அதில் பெரிதாகத் தெரியும். 5 மில்லிகிராமை 5 மில்லிலிட்டர் குளோரோஃபார்மில் அளவுக்குடுவையில் கரையுங்கள். டிபிபிசி மட்டும் என்றால் குளோரோஃபார்மே போதும். மின்சுமை உள்ள லிப்பிடுகள் கலந்தால் 9 பங்குக்கு 1 பங்கு மெத்தனால் சேர்த்தால் நன்றாகக் கரையும்.

குளோரோஃபார்ம் விடாமல் ஆவியாகும். குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் கரைசல் அடர்ந்துவிடும். ஒவ்வொரு நாள் முடிவிலும் குப்பியை எடைபோட்டுக் குறித்து வையுங்கள். மறுநாள் எடை குறைந்திருந்தால் புதிதாகத் தயாரிப்பதே வழி.

குளோரோஃபார்ம் வேலை எல்லாம் புகைபோக்கி அறைக்குள் (ஃபியூம் ஹூட்). கழிவு தனிப் புட்டிக்குப் போகட்டும், சிங்கில் ஊற்ற வேண்டாம்.

6. தொட்டியைக் கழுவுதல்

குளோரோஃபார்ம் நனைத்த துடைதாளால் தொட்டியையும் தடுப்புகளையும் ஒரே திசையில் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள். ஒரு துடைப்புக்கு ஒரு தாள். பிறகு எத்தனால், பிறகு தூய நீரில் மூன்று முறை.

பாத்திரம் துலக்கும் திரவம் கூடவே கூடாது. அதுவும் ஒரு சர்ஃபாக்டண்ட்தான். டெஃப்லானின் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் தங்கி, வாரக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும். நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், அந்தக் கீறல்களை உண்டாக்குவதே அவைதான்.

கண்ணாடிப் பொருள்களுக்குக் குளோரோஃபார்ம்-மெத்தனால் 2:1, எத்தனால், தூய நீர். கடைசியில் நீர் ஊற்றிப் பாருங்கள். துளிதுளியாகத் திரளாமல் ஒரே தகடாக வழிந்தால் சுத்தம்.

7. நீரை நிரப்புதல்

தூய நீரிலும் செய்யலாம், உடலுக்கு நெருக்கமான உப்புக்கரைசலிலும் செய்யலாம். முதல் தடவைக்குத் தூய நீர். அடுத்த கட்டத்துக்கு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 8.77 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.22 கிராம், பிஎச்-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் 1.19 கிராம், பிஎச் 7.0. கால்சியம் எதற்கென்றால், சர்ஃபாக்டண்டில் உள்ள எதிர்மின் லிப்பிடுகளும் புரதங்களும் நடந்துகொள்வது அதைப் பொறுத்தது.

சோடியம் குளோரைடைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு மஃபிள் உலையில் 500 டிகிரியில் சில மணி நேரம் சுட்டெடுங்கள். ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எரிந்துபோகும். ஆய்வகத் தர உப்புக்கே இந்தப் பாடு என்றால், புத்தளம் உப்பளத்து உப்பையோ கடை உப்பையோ நினைத்தும் பார்க்க வேண்டாம்.

நீர்மட்டம் தொட்டி விளிம்புக்கு மேல் 1 முதல் 2 மி.மீ. குவிந்து நிற்க வேண்டும். டெஃப்லான் நீரை விலக்குவதால் வழியாமல் நிற்கும். ‘வெள்ளம் நிறைச்சாச்சு’ என்று சொல்லும் முன் குனிந்து பக்கவாட்டில் பார்த்துவிடுங்கள். மட்டம் விளிம்போடு சமமாக இருந்தால் தடுப்புக்கும் நீருக்கும் இடையில் இடுக்கு விழும், படலம் அதன் வழியே பின்பக்கம் நழுவும். இதைக் கருவி சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும்.

37 டிகிரி ஓட்டத்துக்குக் கரைசலை முன்கூட்டியே சூடாக்கிக் காற்று நீக்கிவிடுங்கள். குளிர்ந்த நீரை ஊற்றித் தொட்டியில் சூடாக்கினால் கரைந்திருந்த காற்று டெஃப்லான் சுவரில் குமிழியாகச் சேரும். படலம் இறுகிய நேரம் பார்த்து அது மேலே வந்து வெடிக்கும்.

8. தகடும் அளவுத்திருத்தமும்

வடிதாள் தகட்டைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடமாவது நீரில் ஊறவிடுங்கள். ஊறி முடியாத தாள் ஓட்டத்தின் நடுவில் நீரை உறிஞ்சி எடை கூடும், அழுத்தம் இறங்குவதுபோலக் காட்டும். பிளாட்டினம் என்றால் நீலச்சுடரில் செஞ்சூடு வரும்வரை பிடியுங்கள். மஞ்சள் சுடர் கரியைப் பூசிவிடும். குளோரோஃபார்ம் திறந்திருக்கும் இடத்தில் சுடர் வேண்டாம், அதன் ஆவி நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

திருத்தத்துக்கு இரண்டு வழி. 10 மி.மீ. அகலம், 0.2 மி.மீ. கனம் என்றால் தகட்டின் சுற்றளவு 20.4 மி.மீ. தராசில் 100 மில்லிகிராம் எடைக்கல்லை மாட்டினால் 48 என்று காட்ட வேண்டும். பிறகு தகட்டைக் காற்றில் தொங்கவிட்டுச் சுழியமாக்கி, நீரைத் தொடவிட்டால் 30 டிகிரியில் 71 அலகு தாவ வேண்டும். வடிதாள் என்றால் ஊறிய பிறகு காற்றில் சுழியமாக்குங்கள், காய்ந்த தாளில் அல்ல. இரண்டு வழியும் ஒத்துப்போனால்தான் மேலே போகலாம். எடைக்கல் சரியாகவும் நீர் 65 ஆகவும் காட்டினால் தராசில் குற்றமில்லை. நீர் அழுக்கு, அல்லது தகடு சரியாக நனையவில்லை.

9. வெற்று ஓட்டம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் மனத்தில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

லிப்பிடு எதுவும் போடாமல், தடுப்புகளைக் கடைசிவரை மூடுங்கள். நீரில் அழுக்கு இருந்தால் அதுவும் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறும். முழு அமுக்கத்திலும் 0.2-க்குள் இருந்தால் தேறியது. தாண்டினால், தடுப்புகள் மூடிய நிலையிலேயே இடையில் உள்ள சிறு பரப்பைப் பாஸ்டர் பிப்பெட் நுனியால் உறிஞ்சுங்கள். நுனி நீரில் மூழ்கக் கூடாது, மேல்தோலை மட்டும் தொட வேண்டும். சர்ர் என்ற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டால் சரியான உயரம். தடுப்புகளைத் திறந்து, குறைந்த நீரை ஊற்றி, திரும்ப மூடிப் பாருங்கள்.

மூன்று நான்கு முறை செய்தும் 0.5-க்குக் கீழே வரவில்லையா? உறிஞ்சிக்கொண்டே இருப்பதில் பலனில்லை. அழுக்கு எங்கிருந்தோ தொடர்ந்து வருகிறது: நீரிலிருந்து, உப்பிலிருந்து, தொட்டியின் மூலையிலிருந்து. தொட்டியைக் காலிசெய்து தூய நீரை மட்டும் ஊற்றி ஓட்டுங்கள். அது தேறினால் குற்றம் உப்பில். தேறாவிட்டால் தொட்டியில், அல்லது நீர் தூய்மிப்பானின் கெட்டுப்போன வடிகட்டியில்.

வெற்று ஓட்டத்தின் கோட்டையும் சேமித்து வையுங்கள். உங்கள் ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

10. பரப்புதல்

தடுப்புகள் முழுக்கத் திறந்திருக்கட்டும், அழுத்தத்தைச் சுழியமாக்குங்கள். சிரிஞ்சைக் குளோரோஃபார்மில் பத்துமுறை, கரைசலில் இரண்டுமுறை அலசுங்கள். குமிழி இல்லாமல் 24.4 மைக்ரோலிட்டர் எடுங்கள்.

துளியை மேலிருந்து விழவிடக் கூடாது. குளோரோஃபார்ம் நீரைவிட ஒன்றரை மடங்கு கனம். விழும் துளி நீருக்குள் மூழ்கி, லிப்பிடோடு அடியில் போய் உட்காரும். ஊசிமுனையில் துளியைத் தொங்கவிட்டு நீர்ப்பரப்பைத் தொடவையுங்கள். அது சட்டென்று பரவி மறையும். தகட்டுக்கு அருகில் வேண்டாம். தொட்டி முழுக்க ஏழெட்டு இடங்களில், ஒவ்வொரு துளிக்கும் சில நொடி இடைவெளி விட்டுப் போடுங்கள்.

துளி வைத்ததும் அழுத்தம் கொஞ்சம் எழுந்து இறங்கும், அது கரைப்பான். இறங்காமல் 2, 3 என்று தங்கிவிட்டால் அளவு கூடிவிட்டது. தடுப்பைப் பின்னே தள்ளிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், கழுவிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கரைப்பான் போக 15 நிமிடம் காத்திருங்கள்.

11. அமுக்குதல்

ஒவ்வொரு தடுப்பும் நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகம். இரண்டுமாகச் சேர்ந்து நிமிடத்துக்கு 8 சதுர செ.மீ. குறைக்கும். 240-லிருந்து 80 சதுர செ.மீ.க்கு, அதாவது மூலக்கூறுக்கு 1.2-லிருந்து 0.4 சதுர நானோமீட்டருக்கு வர 20 நிமிடம்.

நுரையீரல் ஒரு மூச்சுக்குச் சில நொடிதானே எடுக்கும், நாம் ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்கலாம். முதலில் படலத்தின் சமநிலைக் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், வேகத்தின் விளைவு அதற்குப் பிறகு. வேகமாக அமுக்கினால் மூலக்கூறுகள் அடுக்கு மாற நேரம் கிடைக்காது, கோட்டின் நடுவே வர வேண்டிய சமதளம் சாய்ந்துவிடும்.

ஓடும்போது பெட்டியைத் திறக்காதீர்கள். தகடு செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டும் வெளியிலிருந்து பாருங்கள். இறுகிய படலம் திண்மம்போல நடந்துகொள்ளும், ஒரு தடுப்பு மட்டும் நகர்ந்தால் தகட்டைச் சாய்த்துவிடும். இரண்டு தடுப்பு வைத்துத் தகட்டை நட்டநடுவில் தொங்கவிடுவது இதற்காகத்தான்.

12. கோட்டைப் படித்தல்

வலமிருந்து இடமாகப் படியுங்கள். 1.0 சதுர நானோமீட்டரை ஒட்டி அழுத்தம் எழத் தொடங்கும். இது விரிந்த திரவநிலை. கொழுப்புச் சங்கிலிகள் இன்னும் ஒழுங்கில்லாமல் கிடக்கும். பிறகு சமதளம். பரப்பு குறையும், அழுத்தம் ஏறக்குறைய நிற்கும். இங்கே சங்கிலிகள் நிமிர்ந்து அடர்ந்த திட்டுகளாகச் சேர்கின்றன. திட்டும் திரவமும் பக்கம்பக்கமாக இருக்கும். சமதளம் முடிந்ததும் கோடு செங்குத்தாக ஏறும். 0.5-லிருந்து 0.45-க்குள் அழுத்தம் பல பத்துகள் தாவும். கடைசியில் 70-ஐ ஒட்டிப் படலம் மடிந்து உடையும்.

இங்கேதான் நம் ஊர் மாணவர்கள் தேவையில்லாமல் கலங்குவார்கள். பாடப்புத்தகங்களில் காணும் டிபிபிசிக் கோடு பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி எடுத்தது. அதில் சமதளம் 4, 5 அலகில் இருக்கும். நாகர்கோவிலில் ஏசி இல்லாத அறையில் நீர் 29, 30 டிகிரி. டிகிரிக்கு ஓர் அலகுக்கு மேல் சமதளம் உயரும். ஆகவே 15-ஐ ஒட்டி வருவதுதான் சரி. 37 டிகிரியில் அது 20-ஐத் தாண்டும், நீளம் குறைந்து சாய்ந்தும் தெரியும். வெப்பம் கூடும்போது சங்கிலிகளை நிமிர்த்த அதிக நெருக்கம் தேவைப்படுகிறது, அவ்வளவே. 30 டிகிரியில் சமதளம் 5-இல் வந்தால்தான் வெப்பமானியைச் சந்தேகிக்க வேண்டும். வெப்பநிலை எழுதாத கோட்டை யாரிடமும் காட்டாதீர்கள்.

எந்த நிலையில் இருக்கிறது என்று ஐயம் வந்தால் அமுக்கக் குணகத்தைக் கணக்கிடுங்கள்: பரப்பை, அழுத்த ஏற்றத்தால் பெருக்கி, பரப்புக் குறைவால் வகுக்க வேண்டும். அழுத்தம் 5-லிருந்து 7-க்கு ஏறும்போது பரப்பு 0.85-லிருந்து 0.80 ஆனால், 0.825 × 2 ÷ 0.05 = 33. அது விரிந்த திரவநிலை. அழுத்தம் 30-லிருந்து 32-க்கு ஏறும்போது 0.500-லிருந்து 0.495 ஆனால், 0.4975 × 2 ÷ 0.005 = 199. அது அடர்ந்த நிலை. பொதுவாக 50 வரை விரிந்தது, 100-க்கு மேல் அடர்ந்தது என்று கொள்ளலாம்.

13. கோடு கோணலாக வந்தால்

சமதளமே இல்லை, கோடு வழவழவென்று ஏறுகிறது: கலப்படம். பிளாஸ்டிக், எண்ணெய், பழைய லிப்பிடு என்ற வரிசையில் தேடுங்கள்.

வடிவம் சரி, ஆனால் முழுக்க இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது: பரப்பில் லிப்பிடு குறைவு. துளி மூழ்கியிருக்கும், அல்லது தூளில் ஈரம் சேர்ந்து கரைசல் நீர்த்திருக்கும். வலப்பக்கம் என்றால் குளோரோஃபார்ம் ஆவியாகிக் கரைசல் அடர்ந்திருக்கும்.

50, 55-இல் கோடு வளைந்து படுத்துவிடுகிறது, 70-க்குப் போகவே இல்லை: பெரும்பாலும் கசிவு. இதைப் ‘படலம் உடைந்தது’ என்று எழுதிவிடுவதுதான் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில்படும் பிழை. அழுத்தம் 70-ஐ நெருங்கும்போது நீரின் இழுவிசை சுழியத்தை நெருங்குகிறது. இழுவிசை போன நீர் டெஃப்லானையும் நனைக்கத் தொடங்கும், படலம் சுவரில் ஏறியும் தடுப்பின் அடியிலும் நழுவும். உறுதிசெய்ய, 50-இல் தடுப்புகளை நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். விடாமல் இறங்கினால், தடுப்புக்குப் பின்னால் உள்ள நீரின் இழுவிசையையும் அளந்துவிடுங்கள். அங்கேயும் குறைந்திருந்தால் கசிவு உறுதி. நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், தடுப்பின் அடிப்பக்கம் தட்டையாக உட்காருகிறதா பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் நாடாத் தடுப்புள்ள தொட்டியோ, கரைசலுக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழியில் படலத்தை அமுக்கும் கருவியோதான் வழி.

14. டிபிபிசியிலிருந்து கலவைக்கு

டிபிபிசி இழுவிசையைச் சுழியம்வரை இறக்கும், ஆனால் உடைந்தபின் திரும்பப் பரவுவதில் மோசம். மூச்சை இழுக்கும்போது படலம் உடனே விரிய வேண்டும். அதற்குத்தான் சர்ஃபாக்டண்டில் நிறைவுறாச் சங்கிலி கொண்ட லிப்பிடுகளும், கொலஸ்டிராலும், எஸ்பி-பி, எஸ்பி-சி என்ற நீர்விலக்கும் புரதங்களும் இருக்கின்றன.

முதல் கலவையாக டிபிபிசி 7, பிஓபிஜி (எதிர்மின் சுமையுள்ள நிறைவுறா லிப்பிடு) 3 என்ற மோல் விகிதத்தை எடுங்கள். சராசரி மூலக்கூற்று எடை 745, ஆகவே அதே தொட்டிக்கு 24.7 மைக்ரோகிராம். பிஓபிஜியில் இரட்டைப் பிணைப்பு உண்டு, காற்றில் கெடும். நைட்ரஜன் ஊதி மூடி வையுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் உறைபெட்டியில் மாதக்கணக்கில் கிடந்ததை நம்ப வேண்டாம்.

கலவையின் கோட்டில் 45 அலகை ஒட்டி ஒரு புதிய தோள் (சற்றே படுத்த வளைவு) தெரியும். நிறைவுறா லிப்பிடுகள் தனியாக நிற்கும் சக்தி அந்த அளவோடு முடிகிறது. அதற்கு மேல் அமுக்கும்போது படலத்தின் ஒரு பகுதி நீர்ப்பக்கம் மடிந்து, பரப்போடு ஒட்டிய அடுக்காகச் சேர்கிறது. இயற்கைச் சர்ஃபாக்டண்டில் அந்தச் சேமிப்பு அடுக்கைப் பிடித்துவைத்து, விரியும்போது திரும்பக் கொடுப்பதில் எஸ்பி-பி, எஸ்பி-சி இரண்டுக்கும் பெரும்பங்கு.

இதைப் பார்க்க ஒரே அமுக்கம் போதாது. அமுக்கி, விரித்து, மூன்று முதல் ஐந்து சுற்று ஓட்டுங்கள். அமுக்கும் கோடும் விரியும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாது, இடையில் கண்ணிபோல இடைவெளி இருக்கும். இரண்டாம் சுற்றின் கோடு முதலாவதைவிட இடப்பக்கம் போனால் லிப்பிடு பரப்பை விட்டுப் போயிருக்கிறது. மூன்றாம், நான்காம் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால், போனது போக மீதி திரும்பி வருகிறது. எல்லாச் சுற்றிலும் நகர்ந்துகொண்டே போனால் முதலில் கசிவைப் பாருங்கள், அதற்கப்புறம் உயிரியல் பேசலாம்.

ஆட்டு நுரையீரலிலிருந்து எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு: வடசேரிச் சந்தையில் பத்து மணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் உதவாது. அறுத்த உடனே, கீறல் இல்லாத நுரையீரலை மூச்சுக்குழலோடு வாங்கிப் பனிக்கட்டியில் கொண்டுவந்து, குளிர்ந்த 0.9 சதவீத உப்புநீரால் உள்ளே கழுவி எடுக்க வேண்டும். இரத்தம் கலந்தால் அல்புமினும் ஃபைப்ரினோஜனும் பரப்புக்குப் போட்டியிட்டுப் படலத்தைக் கெடுக்கும். குளோரோஃபார்ம்-மெத்தனாலில் பிரித்தால் நீரில் கரையும் புரதங்களான எஸ்பி-ஏ, எஸ்பி-டி போய்விடும், எஸ்பி-பி, எஸ்பி-சி லிப்பிடோடு வரும். அளவை நிறுத்துப் பார்க்காமல் பாஸ்பரஸ் சோதனையால் கண்டுபிடியுங்கள்.

15. முடித்து மூடுதல்

தடுப்புகளை மூடிய நிலையில் படலத்தை உறிஞ்சி எடுத்த பிறகே நீரை வடியுங்கள். படலத்தோடு வடித்தால் லிப்பிடு தொட்டியின் சுவரெல்லாம் பூசிக்கொண்டு போகும். குளோரோஃபார்ம், எத்தனால், தூய நீர் என்று அதே வரிசையில் கழுவிக் கவிழ்த்து மூடுங்கள். சிரிஞ்சைக் குளோரோஃபார்மில் இருபது முறை. உப்புக்கரைசல் தடுப்பின் திருகுகளில் காய்ந்து படியாமல் துடைத்துவிடுங்கள், நம் உப்புக்காற்றில் அவை மிச்ச வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: தேதி, நீரின் வெப்பநிலை தொடக்கத்திலும் முடிவிலும், வெற்று ஓட்டத்தின் உச்சம், கரைசல் குப்பியின் எடை, பரப்பிய மைக்ரோலிட்டர், தடுப்பின் வேகம், இடையில் கரண்ட் போனதா என்பது. ஒரே கரைசலில், ஒரே வெப்பநிலையில் எடுத்த மூன்று கோடுகள் 0.02 சதுர நானோமீட்டருக்குள் ஒத்துவந்தால் அடுத்த கலவையைத் தொடலாம்.